தாளிப்புக்கு முன்னால் ஒரு பங்கு: நாய்க்கும் நமக்கும் ஒரே அடுப்பில் சமைப்பது

சிட்டு வீடு (மதுரை)
பிப்ரவரி 9, காலை 7.10

எங்கள் வீட்டில் சிட்டு என்று ஒரு சிப்பிப்பாறைப் பெண் நாய் இருக்கிறாள். வயது நான்கு, எடை 18 கிலோ, கருத்தடை ஆகிவிட்டது. போன வருடம் வரைக்கும் காலையில் பாக்கெட் தீனி, ராத்திரி நாங்கள் சாப்பிட்டு மீந்த சோறும் குழம்பும். அப்புறம் வயிற்றுப்போக்கு விட்டுவிட்டு வர ஆரம்பித்தது. மருத்துவரிடம் கொண்டுபோனேன். "குழம்புச் சோற்றை முதலில் நிறுத்துங்கள்" என்றார்.

நிறுத்தினேன். ஆனால் நாங்கள் சாப்பிட உட்காரும்போது அவள் வந்து கதவோரம் படுத்துக்கொண்டு பார்ப்பாளே, அதைத் தாங்க முடியவில்லை. ஒரே சமையலில் அவளுக்கும் சேர்த்து ஆக்க முடியாதா என்று யோசித்து, ஆறு மாதமாக ஒரு முறையைப் பின்பற்றுகிறேன். அதைப் பகிரத்தான் இந்த இழை. தப்பு இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

நம் வீடுகளில் நாய்க்கு என்று வைப்பது மிச்சம். எல்லோரும் சாப்பிட்ட பிறகு கடைசியில் வருவது. அதற்குள் அதில் உப்பு, புளி, மிளகாய், வெங்காயம், எண்ணெய் எல்லாம் ஏறியிருக்கும். நான் அந்த வரிசையை மாற்றினேன். தாளிப்புக்கு முன்னால் அவள் பங்கை எடுத்து வைத்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை சமையலைச் சொல்கிறேன். குக்கரில் எலும்பில்லாத கோழிக்கறி, அரிசி, மஞ்சள் பூசணி, கேரட், பீன்ஸ், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், தண்ணீர். உப்பு கிடையாது. அரிசி குழையும் வரை விசில் விடுவேன். திறந்ததும் சிட்டுவின் பங்கை அவளுடைய பாத்திரத்துக்கு மாற்றி ஆறவிடுவேன். மீதி எங்களுக்கு. தனி வாணலியில் நல்லெண்ணெய், கடுகு, சோம்பு, சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு, பச்சை மிளகாய், தக்காளி வதக்கி, உப்புப் போட்டு, குக்கரில் இருப்பதைக் கொட்டிக் கிளறி, கொத்தமல்லி தூவி இறக்கினால் கோழி சாதம் தயார். பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுகிறார்கள்.

அவளுக்கு ஒரு நாளைக்கு (பச்சை எடையில்) கோழி 300 கிராம், அரிசி 100 கிராம், பூசணி 100, மற்ற காய் 50, ஒரு வேகவைத்த முட்டை, கொஞ்சம் மத்தி மீன் சுமார் 50 கிராம், ஒரு தேக்கரண்டி எண்ணெய். இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுக்கிறேன். வயிறு சரியாகிவிட்டது. முடி பளபளப்பாக இருக்கிறது.

---

பழைய சோறு
பிப்ரவரி 9, காலை 11.32

நல்ல காரியம்தான் தங்கச்சி. ஆனால் இவ்வளவு பயப்பட வேண்டுமா? எங்கள் ராஜபாளையம் பக்கத்தில் என் தாத்தா காலத்தில் வேட்டை நாய்களுக்குக் கம்பங்கூழும் சோளக்கஞ்சியும்தான். கறி எடுத்த நாளில் குழம்புச் சோறு. ரசம் ஊற்றிய சோற்றைத் தின்று வளர்ந்த நாய்கள் காடு மேடெல்லாம் ஓடின. இப்போது கோழி 300 கிராம், மீன் 50 கிராம் என்று தராசு வைத்து அளக்கிறோம்.

---

சிட்டு வீடு (மதுரை)
பிப்ரவரி 9, பிற்பகல் 1.05

அண்ணா, கம்பங்கூழைக் குறை சொல்லவில்லை. எங்கள் அப்பா வீட்டு நாயும் அப்படித்தான் வளர்ந்தது. கூழில் வெங்காயம் இல்லை, புளி இல்லை. நான் பயப்படுவது குழம்புக்குத்தான்.

---

தெருவோரத் தோழி (கோவை)
பிப்ரவரி 9, இரவு 9.48

வெங்காயம் என்று எழுதியதால் இதைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் பதினோரு நாய்களுக்கு நான் தினமும் சோறு வைக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் பக்கத்து மண்டபத்தில் கல்யாணம். பிரியாணி மீந்துவிட்டது, ஒரு பெரிய வாளி வெங்காயப் பச்சடியும் மீந்தது. சமையல்காரர்கள் நல்ல மனதோடுதான் இரண்டையும் கலந்து நாய்களுக்கு வைத்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு எல்லா நாயும் வயிறாரச் சாப்பிட்டது. எனக்கும் சந்தோஷம்.

மூன்றாம் நாள் பிரவுனி எழுந்திருக்கவில்லை. சின்ன உடம்புக்காரி, பத்து கிலோ இருப்பாள். பிரியாணி ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்தேன். மறுநாள் சிறுநீர் காபி டிகாஷன் நிறத்தில் போனாள். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெள்ளையாக இருந்தது. ஆட்டோ பிடித்துக் கொண்டுபோனேன். முதலில் பார்த்த இடத்தில் உண்ணிக் காய்ச்சல் என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். இன்னொரு மருத்துவர்தான் "கடந்த நாலைந்து நாளில் என்ன சாப்பிட்டது?" என்று கேட்டார். பச்சடி என்றதும் ரத்தப் பரிசோதனை செய்து, இன்னொரு நாயிடமிருந்து ரத்தம் எடுத்து ஏற்றினார். பிழைத்துக்கொண்டாள்.

கொடுத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்குத் தெரியாது, எனக்கும் அன்றைக்குத் தெரியாது. அதனால்தான் இப்போது எங்கே பேச்சு வந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

---

கால்நடை டாக்டர் (நாமக்கல்)
பிப்ரவரி 10, காலை 6.20

முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் சிலவற்றைத் தெளிவாக்கிவிடுகிறேன்.

வெங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு, வெங்காயத்தாள் எல்லாம் ஒரே குடும்பம். அவற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. அணுக்கள் உடைந்து சிறுநீரில் நிறம் இறங்குகிறது. சாப்பிட்ட அன்றே ஒன்றும் தெரியாமல், சில நாள் கழித்துச் சோர்வும் வெளிறிய ஈறும் வருவதுதான் இதில் ஏமாற்றும் விஷயம். தோழி பார்த்தது அச்சு அசலாக அதுதான். உடல் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் வெங்காயம் போனால் பாதிப்பைத் தொடர்ந்து பார்க்கிறோம். சிட்டுவின் 18 கிலோவுக்குக் கணக்குப் போட்டால் 90 கிராம், ஒரு நடுத்தரப் பெரிய வெங்காயம். பத்து கிலோ பிரவுனிக்கு 50 கிராமே போதும். பூண்டு வெங்காயத்தைவிட வீரியம் கூடியது.

வதக்கினாலும் வேகவைத்தாலும் காயவைத்துப் பொடித்தாலும் அந்த நஞ்சு போவதில்லை. குழம்பில் வெங்காயத்தைப் பொறுக்கி எடுத்துவிட்டு வெறும் சாறு ஊற்றுகிறேன் என்பவர்கள் உண்டு. சாற்றில் இறங்கியது இறங்கியதுதான். நம் தாளிப்பு வடகத்தில் இருப்பதும் வெங்காயமும் பூண்டும்தான், அதையும் மறக்கவேண்டாம்.

அதனால் "தாளிப்புக்கு முன்னால்" என்ற உங்கள் யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது அம்மா. கிளினிக்கில் பத்து நிமிடம் பேசிப் புரியவைப்பதை இரண்டே சொல்லில் சொல்லிவிட்டீர்கள்.

உங்கள் அளவுக் கணக்கில் ஒரு பெரிய குறை இருக்கிறது. அதை உட்கார்ந்து எழுதவேண்டும், நாளை எழுதுகிறேன்.

---

கம்பம் தோட்டக்காரன்
பிப்ரவரி 10, காலை 8.55

டாக்டர் ஐயா, எங்களிடம் ஒரு கோம்பை நாய், பெயர் வீரன். பன்னீர் திராட்சைத் தோட்டத்தில்தான் காவல். இங்கே வருடம் முழுக்க அறுப்பு இருக்கும். பந்தலுக்குக் கீழே உதிர்ந்து கிடப்பதை இவன் அவ்வப்போது நக்கித் தின்பதைப் பார்த்திருக்கிறேன். திராட்சை நாய்க்கு ஆகாது என்று மகள் போனில் பார்த்துச் சொல்கிறாள். மூன்று வருடமாகத் தின்கிறான், ஒன்றும் ஆகவில்லையே?

---

கால்நடை டாக்டர் (நாமக்கல்)
பிப்ரவரி 10, இரவு 8.15

உங்கள் மகள் சொல்வதைக் கேளுங்கள் தம்பி. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். ஒரு நாய் கிண்ணம் நிறையத் தின்றும் நன்றாக இருக்கும், இன்னொன்று கைப்பிடியில் போய்விடும். இத்தனை பழம் வரை பரவாயில்லை என்று நான் எந்த நாய்க்கும் சொல்லமாட்டேன். மூன்று வருடம் தப்பித்தது நாலாவது வருடத்துக்கு உத்தரவாதம் இல்லை.

ஏன் இப்படி நாய்க்கு நாய் வேறுபடுகிறது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. 2021-இல் அமெரிக்காவின் விலங்கு நஞ்சு ஆலோசனை மையத்து மருத்துவர்கள் ஒரு நல்ல துப்பு கொடுத்தார்கள். பேக்கிங்கில் பயன்படும் டார்டார் உப்பைத் தின்ற நாய்களுக்கும் அதே மாதிரி சிறுநீரகக் கோளாறு வந்திருக்கிறது. இரண்டிலும் பொதுவாக இருப்பது டார்டாரிக் அமிலம். பழத்துக்குப் பழம், பழுக்கும் பருவத்துக்குப் பருவம் அதன் அளவு மாறும். அடுத்த வருடம் வந்த அறிக்கையில் அவர்கள் இன்னொரு பொருளையும் சேர்த்தார்கள். புளி.

ஆமாம், நம் சமையலறைப் புளிதான். டார்டாரிக் அமிலம் மிகுதியாக உள்ள பழங்களில் அது ஒன்று. புளி தின்ற நாய்களிலும் அதே சிறுநீரகப் பாதிப்பைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

தோட்டத்து நாய் நிறையத் தின்றுவிட்டது என்று கண்ணால் பார்த்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்கவேண்டாம். ஓரிரு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போனால் வாந்தி எடுக்கவைத்து வெளியே கொண்டுவந்துவிடலாம். வீட்டிலேயே உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அதுவே உயிருக்கு ஆபத்து. பாயசம், கேசரியில் போடும் உலர்திராட்சைக்கும் இதே எச்சரிக்கை.

---

பழைய சோறு
பிப்ரவரி 10, இரவு 9.40

புளி என்றதும் நெஞ்சு அடைத்துவிட்டது ஐயா. அப்படியென்றால் ரசம் சோறு தின்ற எங்கள் நாய்களெல்லாம்?

---

கால்நடை டாக்டர் (நாமக்கல்)
பிப்ரவரி 11, காலை 5.50

அளவுதான் அண்ணே. ஒரு கரண்டி ரசத்தில் இருக்கும் புளி கொஞ்சம். நாய் வாய்விட்டுத் தின்னும் புளிக்காய்ச்சல், புளியோதரை, புளி உருண்டை வேறு. ஆனால் இன்னொன்றும் யோசியுங்கள். தாத்தா காலத்து நாய் எட்டாவது வயதில் படுத்துக்கொண்டால் "வயசாகிவிட்டது" என்போம். ரத்தம் எடுத்துச் சிறுநீரகம் எப்படி இருந்தது என்று யாரும் பார்த்ததில்லை. தவிர்க்க முடிகிற ஒன்றை ஏன் வைத்துக்கொள்ளவேண்டும்? நாய்க்கு நாக்கில் சுவை மொட்டுகள் நம்மைவிடப் பல மடங்கு குறைவு. வாசனைதான் அதற்கு ருசி. புளிப்பும் காரமும் அது கேட்கவில்லை. வெந்த கறியின் வாசனை போதும்.

சோறு, கூழ் பற்றி நீங்கள் சொன்னது சரிதான். மனிதனோடு வந்து சேர்ந்த பிறகு நாயின் குடல் மாவுச்சத்துக்குப் பழகியிருக்கிறது. மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகள்தான். நாய்களிடம் 4 முதல் 30 வரை இருப்பதாக 2013-இல் ஒரு ஆய்வு காட்டியது. நாயை ஓநாய் என்று நினைத்து வெறும் பச்சைக் கறி போடுபவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். சோறு அதற்கு அந்நியம் இல்லை. ஆனால் வெறும் சோறு போதாது.

---

மாடிவீடு (சென்னை)
பிப்ரவரி 11, காலை 10.30

எங்கள் லாப்ரடார் 38 கிலோ. மருத்துவர் 30 இருக்கவேண்டும் என்கிறார். சிட்டு வீட்டு அக்கா மாதிரி சமைக்க ஆசை. ஆனால் எவ்வளவு? இவன் எவ்வளவு வைத்தாலும் தட்டை நக்கிவிட்டு இன்னும் கேட்கிறான். அம்மா மனசு கேட்காமல் நெய் ஊற்றி இரண்டு இட்லி தனியாக ஊட்டிவிடுகிறார்கள்.

---

கால்நடை டாக்டர் (நாமக்கல்)
பிப்ரவரி 11, பிற்பகல் 3.00

லாப்ரடார் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். 2016-இல் கேம்பிரிட்ஜில் நடந்த ஆய்வில், ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாருக்குப் பசி அடங்கியதைச் சொல்லும் மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருப்பதைக் கண்டார்கள். அவனுடைய கண் சொல்வதை நம்பாமல் தராசை நம்புங்கள்.

கணக்கு எளிது. எடையை 30-ஆல் பெருக்கி 70 கூட்டினால், படுத்துக் கிடக்கும் நாய்க்குத் தேவையான கலோரி தோராயமாக வரும். மெலியவேண்டிய நாய்க்கு, இருக்கவேண்டிய எடையை வைத்துக் கணக்கிட்டு அந்த அளவிலேயே நிறுத்தலாம். உங்களுடையவனுக்கு 30 கிலோ, அதாவது 970. பெரிய நாய்களுக்கு இந்தச் சுருக்கவழி கொஞ்சம் கூடக் காட்டும், 900 என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதில் தின்பண்டமாகப் போவது பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, அதாவது 90. ஒரு மேசைக்கரண்டி நெய்யே 120 கலோரிக்குப் பக்கம். அம்மாவிடம் இட்லியை நிறுத்தச் சொல்லவேண்டாம், ஊட்டுவதில் அவர்களுக்கும் ஒரு நிறைவு இருக்கிறது. நெய் இல்லாமல் அரை இட்லி, அந்த அளவு சோற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். மீதி நேரம் வெள்ளரி, வேகவைத்த பீன்ஸ் துண்டு கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஊட்டும் கைக்கும் வேலை இருக்கும்.

வாரத்தில் உடல் எடையில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் இறங்கினால் போதும். விலா எலும்பு கைக்குத் தட்டுப்படவேண்டும், கண்ணுக்குத் துருத்தக்கூடாது. சிப்பிப்பாறைக்கு மட்டும் விலா லேசாகத் தெரிவது இயல்பு, அதைப் பார்த்துச் சிட்டுவை யாரும் ஊட்டி வளர்க்கவேண்டாம்.

---

கால்நடை டாக்டர் (நாமக்கல்)
பிப்ரவரி 11, இரவு 9.20

இப்போது சிட்டு வீட்டு அம்மாவுக்கு நான் சொல்ல நினைத்தது.

உங்கள் பட்டியலைக் கூட்டிப் பார்த்தேன். ஏறத்தாழ 950 கலோரி வருகிறது. 18 கிலோ, கருத்தடை ஆன, நன்றாக ஓடுகிற நாய்க்கு அது சரியான அளவு. புரதம் தாராளம். கொழுப்பு மிதமாக இருக்கிறது. மத்தி மீனால் ஒமேகா-3-யும் வைட்டமின் டி-யும் போகின்றன. வெயிலில் படுத்தால் நாயின் தோல் நம்முடையதைப்போல் வைட்டமின் டி தயாரிக்காது, உணவில்தான் வரவேண்டும். அந்த வகையில் மீன் வைத்தது நல்ல யோசனை.

குறை கால்சியம். கறியிலும் அரிசியிலும் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் கிட்டத்தட்ட இல்லை. உங்கள் சாப்பாட்டில் பாஸ்பரஸ் 850, 900 மில்லிகிராம் போகிறது. கால்சியம் 150-ஐத் தொட்டால் அதிகம். நாய்க்குக் கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ அதைவிடக் கூடவோ இருக்கவேண்டும், இரண்டு மடங்கு வரை போகலாம். இங்கே தலைகீழாக இருக்கிறது. ரத்தத்தில் கால்சியம் குறையும்போது உடம்பு அதை எலும்பிலிருந்து உருவி எடுத்துக்கொள்ளும். வளர்ந்த நாயில் இது வருடக்கணக்கில் மெதுவாக நடக்கும், முடி பளபளப்பாகவே இருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. குட்டியில் சில வாரங்களில் கால் வளையும், மாடிப்படி இறங்கும்போதே எலும்பு முறியும். கறியும் சோறும் மட்டும் போட்டு வளர்த்த குட்டிகளை அப்படித் தூக்கிக்கொண்டு வந்தவர்களை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். எல்லோருமே பாசமாக வளர்த்தவர்கள். நல்ல கறியாகப் பார்த்து வாங்கிப் போட்டவர்கள்.

தீர்வு உங்கள் அடுப்படியிலேயே இருக்கிறது. முட்டை ஓட்டைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, மிக்ஸியில் திருநீறு மாதிரி நைசாகப் பொடித்துச் சலித்துக்கொள்ளுங்கள். ஒரு தேக்கரண்டிப் பொடியில் ஏறத்தாழ 2,000 மில்லிகிராம் கால்சியம். சிட்டுவுக்கு நாளைக்கு அரைத் தேக்கரண்டி போதும். கணக்கு நேராகிவிடும். கடையில் விற்கும் கால்சியம் சிரப்பை வாங்கினால் பின்பக்கம் படியுங்கள், பலவற்றில் பாஸ்பரஸும் சேர்ந்தே இருக்கும். ஏற்கெனவே மிதமிஞ்சி இருப்பதை மேலும் கூட்டுவானேன்.

துத்தநாகம் தேவையில் பாதிதான் வருகிறது. வைட்டமின் ஈ, அயோடின், தாமிரமும் குறைவு. ஆட்டு ஈரல் வாரம் இரண்டு நாள் 30 கிராம் வைத்தால் தாமிரம் வரும், அதற்கு மேல் வேண்டாம், வைட்டமின் ஏ மிதமிஞ்சிவிடும். மற்றவற்றுக்கு வீட்டுச் சமையலுக்கென்றே செய்யப்பட்ட வைட்டமின், தாதுக் கலவை கிடைக்கிறது. உங்கள் மருத்துவரிடம் இந்தப் பட்டியலையே காட்டி எழுதி வாங்குங்கள்.

நீங்கள் மட்டும் தவறிவிட்டதாக நினைக்கவேண்டாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 2013-இல், நூல்களிலும் இணையத்திலும் இருக்கும் 200 நாய் உணவுச் செய்முறைகளை எடுத்து ஆராய்ந்தார்கள். 190-இல் அத்தியாவசியச் சத்து ஏதாவது ஒன்றாவது குறைந்திருந்தது.

---

சிட்டு வீடு (மதுரை)
பிப்ரவரி 11, இரவு 10.45

ஆறு மாதமாக ஒரு துளி கால்சியம் இல்லாமல் கொடுத்திருக்கிறேன் என்று படித்ததும் கை நடுங்கிவிட்டது டாக்டர். முடியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். தினமும் அவளுக்கு ஒரு முட்டை உரித்து ஓட்டைக் குப்பையில்தானே போட்டேன். நாளைக்கே பொடிக்கிறேன்.

ஒரு சந்தேகம். கேழ்வரகில் கால்சியம் அதிகம் என்கிறார்களே. அரிசிக்குப் பதில் களி கிண்டிப் போட்டால் போதாதா?

---

கால்நடை டாக்டர் (நாமக்கல்)
பிப்ரவரி 12, காலை 6.05

தானியங்களில் கேழ்வரகுதான் கால்சியத்தில் முதல். ஆனாலும் 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். சிட்டுவுக்கு ஆயிரம் வேண்டும். அந்த 350-இலும் ஒரு பகுதியைக் கேழ்வரகில் உள்ள ஃபைடேட் என்ற சேர்மம் உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். களி கொடுங்கள், நல்ல உணவு. ஓட்டுப் பொடி கொஞ்சம் குறையலாம், அதை நிறுத்த முடியாது.

---

தயிர்சாதம் (கும்பகோணம்)
பிப்ரவரி 12, காலை 9.15

நாங்கள் சைவம். முட்டைகூட வீட்டுக்குள் வராது. எங்கள் டாமி ஒன்பது வருடமாகத் தயிர்சாதமும் பருப்புச் சாதமும்தான் சாப்பிடுகிறான். இந்த இழையைப் படிக்கப் படிக்கக் கவலையாக இருக்கிறது. அவனுக்காகக் கறி சமைக்க எங்களால் முடியாது. என்ன செய்யலாம்?

---

கால்நடை டாக்டர் (நாமக்கல்)
பிப்ரவரி 12, பிற்பகல் 2.40

பூனைக்கு இது நடக்காது. நாயால் சைவத்தில் வாழ முடியும், ஆனால் தயிர்சாதத்தில் மட்டும் முடியாது. தட்டில் சோறு முக்கால் பங்கும் தயிர் கால் பங்கும் இருந்தால் புரதம் போதாது, தசை வற்றும். ஒன்பது வயதில் முதுகுத்தண்டின் இரு பக்கமும் தடவிப் பாருங்கள், பள்ளமாக இருக்கிறதா என்று.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது இது. ஒரு நல்ல நிறுவனத்தின், முழுமையான உணவு என்று அச்சிட்ட சைவ பாக்கெட் தீனியை அடிப்படையாக வையுங்கள். முட்டை கலக்காததும் கிடைக்கிறது, பின்பக்கம் பார்த்து வாங்குங்கள். அதன்மேல் உங்கள் சமையலிலிருந்து பத்தில் ஒரு பங்கு: உப்பில்லாமல் குழைய வெந்த பாசிப்பருப்பு, உப்பில்லாத பனீர், தயிர், வெந்த பூசணி. பெருங்காயம், பூண்டு இல்லாமல். உங்கள் கையால் சமைத்ததை அவன் சாப்பிடும் சந்தோஷம் அப்படியே இருக்கும், சத்துக் கணக்கை பாக்கெட் பார்த்துக்கொள்ளும். திடீரென்று மாற்றாதீர்கள். பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். அதற்கு முன் ஒருமுறை சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை. ஒன்பது வயதுக்கு அது எப்படியும் தேவை.

---

தெருவோரத் தோழி (கோவை)
பிப்ரவரி 12, இரவு 9.10

தெருநாய்களுக்கு வைப்பவர்கள் இங்கே இருந்தால் எனக்குத் தெரிந்த சில. கோழிக்கடையில் தலை, கால், தோல் மலிவாகத் தருவார்கள். தோலும் கொழுப்பும் நிறைய வைத்த நாளில் வாந்தி எடுக்கும் நாய்களைப் பார்த்திருக்கிறேன், இப்போது தோலை உரித்துவிடுகிறேன். வெந்த கால் எலும்பு வைப்பதில்லை. வெந்த எலும்பு ஊசி மாதிரிப் பிளக்கும், ஒரு நாய்க்குத் தொண்டையில் மாட்டிப் பெரும் பாடாகிவிட்டது. கறியை மட்டும் உதிர்த்து அரிசியோடு குழைத்து, கிலோ அரிசிக்கு ஒரு கைப்பிடி மஞ்சள் பூசணி. கல்யாண மண்டபத்தில் இப்போது நானே போய்ப் பேசி வைத்திருக்கிறேன். வெறும் சோறு மீந்தால் எனக்குப் போன் செய்வார்கள், பிரியாணி வேண்டாம் என்று அவர்களுக்கே தெரியும்.

---

சிட்டு வீடு (மதுரை)
மே 25, காலை 7.30

மூன்று மாதம் கழித்து வருகிறேன். சொல்லவேண்டியது நிறைய இருக்கிறது.

முட்டை ஓட்டுப் பொடி தினமும் அரைத் தேக்கரண்டி போகிறது. முதல் வாரம் கொரகொரப்பாக அரைத்துவிட்டேன், சிட்டு சோற்றைத் தின்றுவிட்டுப் பொடியைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டாள். இரண்டு முறை சலித்த பிறகு சத்தமில்லாமல் சாப்பிடுகிறாள். எங்கள் மருத்துவர் தாதுக் கலவை எழுதிக் கொடுத்தார். அது சூட்டில் கெடும் என்பதால் சோறு நன்றாக ஆறிய பிறகுதான் கலக்கவேண்டும் என்றார். போன வாரம் ரத்தம் பார்த்தோம், எல்லாம் வரம்புக்குள் இருக்கிறது. எடை அதே 18 கிலோ.

வெயில் காலத்தில் அவள் பசி குறைந்துவிட்டது. குக்கரில் இருந்து எடுத்த பங்கில் தண்ணீர் கூட்டிக் கஞ்சியாகக் கரைத்துக் கொடுத்தேன், விரும்பிக் குடிக்கிறாள். ராத்திரி ஒரு கரண்டி தயிர். மாம்பழம் சீவும்போது கொட்டை இல்லாமல் இரண்டு துண்டு அவளுக்கு. வாரத்துக்கு மூன்று நாள் கேழ்வரகுக் களி. எங்களுக்குக் கருவாட்டுக் குழம்போடு, அவளுக்கு வெந்த மத்தியோடு. கருவாட்டில் உப்பு அதிகம் என்பதால் எவ்வளவு கெஞ்சினாலும் தருவதில்லை.

நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது. உப்பில்லாமல் வேகவைத்துவிட்டுத் தனியாகத் தாளிப்பதால், அவருக்கும் ஒரு பங்கைத் தனியே எடுத்து, உப்பு குறைவாகப் போட்டு மிளகு சீரகம் தாளிக்கிறேன். இப்போது குக்கர் திறந்ததும் மூன்று பாத்திரம் வரிசையாக நிற்கும்: சிட்டு, அப்பா, நாங்கள்.

---

கம்பம் தோட்டக்காரன்
மே 25, இரவு 8.00

அக்கா, நல்ல செய்தி. வீரனைத் திராட்சைப் பந்தலில் இருந்து மாற்றி வீட்டு முன்னால் தென்னந்தோப்புப் பக்கம் விட்டுவிட்டேன். பந்தலைச் சுற்றி முள்வேலி போட்டாயிற்று. மருத்துவரிடம் காட்டினேன், சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. ஆனால் தோப்பில் விழும் தேங்காயைக் கடித்துத் தின்கிறான். அது பரவாயில்லையா?

---

கால்நடை டாக்டர் (நாமக்கல்)
மே 26, காலை 5.45

தேங்காயில் நஞ்சு இல்லை தம்பி. கொழுப்பு அதிகம், நிறையத் தின்றால் வயிறு போகும். ஒரு துண்டோடு நிறுத்துங்கள். நாரையும் ஓட்டையும் விழுங்கவிடாதீர்கள், குடலில் அடைக்கும். வேலி போட்டதற்கு நன்றி.

---

பழைய சோறு
மே 26, காலை 9.25

நான் அன்றைக்குப் பேசியதை இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். தாத்தா நாய்களுக்குக் கூழ் ஊற்றும்போது பாட்டி கல்சட்டியில் இருந்து முதலில் நாய்க்கு ஊற்றிவிட்டுத்தான் மீதிக் கூழில் உப்புக் கரைத்து மோர் விடுவாள், வெங்காயம் கடிக்கக் கையில் தருவாள். ஏன் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. தங்கச்சி, உன்னுடைய களியில் கம்பு மாவும் பாதி கலந்து பார். ராத்திரியே கரைத்து வைத்து, லேசாகப் புளித்ததும் காய்ச்சினால் சிட்டு நன்றாகக் குடிப்பாள்.